எதிர்ப்பக்கத்து வாசகி

எங்கள் வார இதழின் எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பவை. இதழை விரித்துப் பிடித்தால் இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவர். என் பகுதிக்கு ‘அடித்தளம்’ என்று பெயர். அவர் பகுதிக்குச் ‘சாளரம்’ என்று பெயர். நாளடைவில் அலுவலகத்தார் எங்கள் சொந்தப் பெயர்களையே மறந்துபோயினர். தொலைபேசியை எடுப்பவர்கூட, “அடித்தளம் சார், உங்களுக்குத்தான்” என்றே கூப்பிடுவார்.

எங்கள் பத்திராதிபர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு துண்டுத்தாளில் ஒரே ஒரு சொல்லை எழுதி எங்கள் இருவரிடமும் கொடுப்பார். பெரிய சொல்லாக இராது. பூட்டு, வரிசை, மாடிப்படி, குடை என்று அன்றாடம் கையில் படுகின்ற பொருளாகவே இருக்கும். அப்பொருளை வைத்துக்கொண்டு சமுதாயம் ஏறுகிறதா இறங்குகிறதா, ஏன் என்பதை இருவரும் தனித்தனியே எழுதிப் புதன்கிழமை நண்பகலுக்குள் கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை இதழ் வெளிவரும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

‘பூட்டு’ என்ற சொல் வந்த வாரம் நான் இவ்வாறு எழுதினேன்: ஒரு தெருவில் பூட்டுகள் பெருகுவது அத்தெரு தாழ்கிறது என்பதற்கு முதல் அடையாளம். அண்டை வீட்டாரின் கண்ணே காவலாயிருந்த காலம் தானாக வந்ததன்று. மூன்று தலைமுறையினர் தம் விருப்பங்களை அடக்கிக்கொண்டு, சொன்ன சொல்லைக் காத்து, ஒருவர் துன்பத்தில் ஒருவர் நின்று சேர்த்துவைத்தது அது. நாம் அதனைக் கரைத்துவிட்டு இரும்பை வாங்கி மாட்டுகிறோம்.

அவர் எழுதியிருந்தது வேறு. பூட்டில்லாத தெரு என்று நாம் போற்றுவது உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே பூட்டில்லாதது. அறியாத முகம் ஒன்று நுழைந்தால் அத்தெரு முழுவதுமே ஒரு பூட்டாக மாறியது. இன்று தனியொரு பெண் தன் உழைப்பில் ஓர் அறை எடுத்து, உள்ளே தாழிட்டுக்கொண்டு அச்சமின்றி உறங்குகிறாள். அந்தத் தாழ்ப்பாளை வீழ்ச்சி என்பதா, வளர்ச்சி என்பதா?

எங்கள் வழக்கு இவ்வளவுதான். ஊர் ஏன் கெட்டது என்று கேட்டால், கலைக்கக் கூடாதவற்றைக் கலைத்ததால் என்பேன் நான். கலைக்க வேண்டியவற்றை இன்னும் கலைக்காததால் என்பார் அவர். ஊர் ஏன் உயர்ந்தது என்று கேட்டால், முன்னோர் கட்டிவைத்த சுவர்களால் என்பேன் நான். பின்னோர் அச்சுவர்களில் வைத்த வாயில்களால் என்பார் அவர். பத்தொன்பது ஆண்டுகளாக எட்டாம் பக்கம் என்னுடையது. அவர் ஒன்பதாம் பக்கத்திற்கு வந்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. என்னைவிடப் பத்து வயது இளையவர். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, தேநீர்க் கோப்பையும் கையுமாக மேசை விளிம்பில் உட்கார்ந்து பேசுவார். நாற்காலி இருக்கும்போது மேசையில் உட்காரும் மனிதரை நான் எக்காலத்தும் நம்பியதில்லை.

இதழின் இரண்டாம் பக்கத்தில் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு சிறு கட்டம் வரும். ஆறு ஆண்டுகளில் சாளரத்தார் அக்கட்டத்தில் பதினொரு முறை தோன்றியிருக்கிறார். நான் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு முறையும் தோன்றியதில்லை. இப்பெருமையில் பாதி என் மனைவியைச் சேரும் என்பதை நான் எவரிடமும் மறைத்ததில்லை.

அவள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் சாளரத்தில் இருப்பவள். நாள் முழுதும் பெயர்களையும் தேதிகளையும் சரிபார்ப்பதே அவள் வேலை. முத்திரை மை அவள் வலக்கைப் பெருவிரலைவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் போவதில்லை. செவ்வாய்க்கிழமை மாலைதோறும் என் கட்டுரையை அவள் முன் வைப்பேன். பென்சிலை எடுத்து, ஒரு மட்டக்கோலை வரிவரியாக இறக்கிக்கொண்டே படிப்பாள். ஆண்டு தவறியிருந்தால் மாற்றுவாள். காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் இடுவாள். இறுதியில் கீழே ஒரு சிறு சரிக்குறி போட்டுத் தருவாள். அச்சரிக்குறி இல்லாமல் ஒரு கட்டுரையும் அலுவலகம் போனதில்லை. ‘இருவர் ஒரே எண்ணமாய் வாழும் வீடே சமுதாயத்தின் முதற்கல்’ என்று ஒருமுறை எழுதினேன். எழுதும்போது எங்கள் வீட்டையே மனத்தில் வைத்திருந்தேன். அதற்கும் அவள் சரிக்குறி போட்டாள்.

இனி என் நோயைச் சொல்லவேண்டும்.

வியாழக்கிழமைகளில் தபால் பிரிப்பவர் வாசகர் கடிதங்களை எங்கள் இருவர் மேசையிலும் தனித்தனித் தட்டுகளில் வைப்பார். எண்ணிக்கையில் எனக்குக் குறைவில்லை. ஆயினும் என் தட்டில் விழும் கடிதங்கள் யாவும் ஒரே கடிதம்: ‘ஐயா, என் மனத்தில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டீர்கள்.’ முதல் ஆண்டு இவ்வரியைப் படித்துப் பூரித்தேன். ஐந்தாம் ஆண்டு உறையைப் பிரிக்காமலே அவ்வரி தெரிந்தது. மனத்தில் முன்பே இருந்ததாயின் நான் எதற்காக எழுத வேண்டும்?

அவர் தட்டில் விழுந்தவையோ சண்டைகள். அவற்றுள் ஒன்று, மூன்று ஆண்டுகளாக, இரு வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் நீல உறையில் வந்துகொண்டிருந்தது. கணினியில் அச்சிட்ட எழுத்து. அலுவலகக் கடிதம்போல் இடப்பக்கம் அகன்ற ஓரம். இறுதியில் ‘ஒரு வாசகி’ என்பதல்லது பெயரில்லை. பெயரில்லாத கடிதத்தைக் குப்பைக்கூடையில் இடுவதே என் கொள்கை. அவர் அதனைத் தேநீர் வேளையில் எல்லோரும் கேட்க உரக்கப் படிப்பார்.

பூட்டுக்கு வந்த கடிதம் எனக்கு மனப்பாடம். ‘ஐயா, அந்தப் பெண்ணை அறைக்குள் தாழிட்டு உறங்க வைத்துவிட்டு மகிழ்ச்சியாகக் கட்டுரையை முடித்துவிட்டீர்கள். அவளுக்குக் காய்ச்சல் கண்டால் கதவைத் தட்டுபவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. தட்டுவதற்கு எதிர்ப்பக்கத்துக்காரர் ஒரு தெருவையே வைத்திருக்கிறார். ஆனால் அந்தத் தெரு அவளை உறங்கவிடாது. எங்கள் வீட்டில் ஓர் இழுப்பறை இருக்கிறது. எப்போதும் பூட்டியே இருக்கும். திறவுகோல் இருக்குமிடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எவரும் திறந்ததில்லை. இதனை நம்பிக்கை என்பதா, அக்கறையின்மை என்பதா என்று நீங்கள் இருவருமே சொல்லவில்லை.’

படித்து முடித்ததும் சாளரத்தார் தலையைச் சொறிந்துகொண்டு, “கொன்னுட்டாங்க” என்று சிரித்தார். அலுவலகமே சிரித்தது. நான் ஒரு மெய்ப்புத் தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அதில் ஓரெழுத்தும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு வயிறெரிந்தது என்றால் அது குறைவாகச் சொல்வதாகும். அவ்வம்மாள் அவரைப் புகழ்ந்திருந்தால் பொறுத்திருப்பேன். திட்டியிருந்தாள். திட்டுமளவிற்கு ஊன்றிப் படித்திருந்தாள். திட்டு வாங்குவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். அவள் கடிதத்தில் நானோ எதிர்ப்பக்கத்துக்காரன், பெயர்கூட இல்லை.

அன்றிலிருந்து நான் சமுதாயத்திற்காக எழுதவில்லை. அவள் ஒருத்தியை நினைத்தே எழுதினேன். ‘வரிசை’ என்ற சொல் வந்தபோது, இவ்விடத்தில் அவள் மறுப்பாள் என்று எண்ணி ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே சற்றுக் கூர்மையாக நிறுத்தினேன். அடுத்த வியாழக்கிழமை நீல உறை அவர் தட்டில்தான் விழுந்தது. ‘குடை’க்கும் அவ்வாறே. தபால் பிரிப்பவரைத் தனியே அழைத்து, நீல உறைகள் தட்டு மாறி விழுவதுண்டா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இந்நிலையில் இதழின் வெள்ளிவிழா மலர் வந்தது. எட்டாம் பக்கத்திலும் ஒன்பதாம் பக்கத்திலும் கட்டுரைக்குக் கீழே, எழுதுபவர் தமக்கு வந்தவற்றுள் சிறந்ததென்று தேர்ந்த ஒரு கடிதம் இடம்பெற வேண்டும் என்றார் பத்திராதிபர். கொடுத்த சொல் ‘வீடு’. சாளரத்தார் எந்தக் கடிதத்தைத் தேர்வார் என்பதை அலுவலகத்துப் பூனையும் அறியும். நான் பத்தொன்பது ஆண்டுக் கட்டுகளை அவிழ்த்து இரண்டு நாள் தும்மித் தும்மித் தேடினேன். என் மனத்தில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டீர்கள். என் மனத்தில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டீர்கள். ஒருவராவது, ‘ஐயா, இது தவறு’ என்று எழுதியிருக்கக் கூடாதா?

அப்போது எனக்கு அந்த எண்ணம் தோன்றியது. அவளைத் தாக்கினால் அவள் எனக்கு எழுதியே தீரவேண்டும்.

கட்டுரை ஒரே மூச்சில் வந்தது. ‘வீடுகள் எப்படிச் சரிகின்றன என்று கேட்கிறார்கள். வெளியிலிருந்து எவரும் இடிப்பதில்லை. பெயரிடாமல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருக்கும். கணவர் ஏதுமறியாதவராக இருப்பார். தன் வீட்டு மேசையில் பேசவேண்டியதை அயலார் தபால்பெட்டியில் போடும் வழக்கம் ஒரு வீட்டிற்குள் நுழைந்துவிட்டால், அதன்பின் அவ்வீடு நிற்பது சுண்ணாம்பின் வலிமையால் மட்டுமே. சமுதாயம் தாழ்வது இவ்வாறுதான்: சட்டங்களால் அன்று, சந்தைகளால் அன்று, உரியவரிடம் சொல்லாத சொற்களால். அக்கணவர் இதனைப் படிப்பாராயின், இன்றே தம் மனைவியிடம் கேட்கட்டும்.’

செவ்வாய்க்கிழமை மாலை அதனை என் மனைவியின் முன் வைத்தேன். அவள் அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மட்டக்கோல் வரிவரியாக இறங்கியது. இரண்டாம் பத்தியில் நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு அவள் ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல்லை எழுதினாள். மட்டக்கோல் மீண்டும் இறங்கிக் கடைசி வரிக்கு வந்தது. கீழே சரிக்குறி போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

ஓரத்தில், ‘முப்பத்தொன்று’ என்று எழுதியிருந்தது.

“யாருக்கு முப்பத்தொண்ணு?” என்று கேட்டேன்.

“அந்த அம்மாவுக்கு. கல்யாணமாகிச் சில வருஷம்தான்னு எழுதியிருக்கீங்க. முப்பத்தொரு வருஷம் ஆச்சு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பதிவு பண்ற ஆபீஸ்லதானே இருக்கேன்” என்றாள். நான் அதனை நம்பிவிடுவேனோ என்று ஐயுற்றவள்போல் சற்றுப் பொறுத்து, “இழுப்பறைச் சாவி கடிகாரத்துக்குப் பின்னால இருக்கு” என்றாள்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என் எழுதுமேசையின் இழுப்பறையைப் பார்த்தேன். அதில் இருப்பவை பத்தொன்பது ஆண்டுக் கட்டுரைகளின் நறுக்குகள். அதனை எவரேனும் திறந்ததுண்டா என்று நான் எண்ணியதே இல்லை.

அக்கணம் எனக்கு வந்திருக்க வேண்டியது வெட்கம். கட்டிய மனைவியை அவள் கண்முன்னே வீட்டைச் சரிப்பவள் என்று எழுதி, அவள் கையாலேயே பிழைதிருத்த வைத்திருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்வதானால் வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பழைய எரிச்சலே. இப்போது அதற்குப் பத்து மடங்கு தீனி கிடைத்திருந்தது.

“மூணு வருஷமா அவனுக்கு எழுதியிருக்க” என்றேன். “எனக்கு ஒரு வரி எழுதல.”

“அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. வாசகர்கள் எழுதலாம்னு போட்டிருந்தது. எழுதினேன்.”

“நான் பக்கத்துலதானே இருக்கேன்?”

“பக்கத்துல இருக்கிறவருக்கு யாராவது தபால் போடுவாங்களா?”

நான் சரிக்குறியைச் சுட்டினேன். பத்தொன்பது ஆண்டுகளாக வாரந்தோறும் போட்டாளே, அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன்.

“சரிபார்த்தாச்சுன்னு அர்த்தம். இறப்புச் சான்றுக்கும் இதையேதான் போடறேன். அதுக்காக ஆள் செத்தது சரின்னு சொல்றேனா?”

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை; பல நாள் கழித்து, பேருந்து நிறுத்தத்தில், தனியாக நின்றபோது வந்தது.

அப்படியானால் நான் எழுதியதில் ஒன்றுகூட அவளுக்குச் சரியெனப் படவில்லையா என்று கேட்டேன். பாதி சரி என்றாள். அவர் எழுதுவதிலும் பாதி சரி. தன் சாளரத்தில் ஒரே நாளில் இருவரையும் பார்ப்பதாகச் சொன்னாள். தந்தை பெயர் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுத் தலைநிமிர்ந்து நிற்கும் பெண் வருகிறாள். இருபதாண்டுகளுக்கு முன் அதே சாளரத்தில் அத்தகையவள் குனிந்து அழுவதைத்தான் பார்த்திருக்கிறாள். அந்நேரம் சாளரத்தார் சொல்வது மெய்யென்று தோன்றும். அடுத்து, இறந்து ஒன்பது நாள் கழித்தே அண்டை வீட்டார் அறிந்த ஒரு முதியவருக்குச் சான்று வாங்க, உறவினர் எவருமின்றி வீட்டு உரிமையாளர் வருகிறார். அந்நேரம் நான் சொல்வது மெய்யென்று தோன்றும். “நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு விண்ணப்பத்தை மட்டும் பார்த்துட்டு ஊரையே சொல்லிடறீங்க” என்றாள்.

“இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“அவர்கிட்ட மீதிப் பாதியைச் சொன்னா சந்தோஷப்படறார். எல்லாருக்கும் படிச்சுக் காட்டறாராமே, நீங்கதானே சொன்னீங்க.”

“எங்கிட்டச் சொன்னா?”

“மூணு நாள் பேசாம இருந்தீங்க.”

எப்போது என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்தது. முதல் ஆண்டு, மாடிப்படியைப் பற்றிய கட்டுரை. ‘கொஞ்சம் கடுமையா இருக்குங்க’ என்று அவள் சொன்னாளாம். நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லையாம். நான்காம் நாள், இனிப் பிழை மட்டும் பார், போதும் என்றேனாம். அன்றிலிருந்து பிழை மட்டும் பார்த்துவந்தாள்.

“எண்ணை மட்டும் மாத்திடுங்க” என்று சொல்லி அவள் எழுந்தாள். “மத்தது உங்க கருத்து. அதுல நான் கை வைக்க மாட்டேன்.” கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவந்து மடிக்கத் தொடங்கினாள். என் சட்டைகளையும் வழக்கம்போலவே மடித்தாள். அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

மறுநாள் பேருந்து ஏறாமல் நடந்தே அலுவலகம் போனேன். கட்டுரையைக் கிழித்துவிட்டு வீட்டின் பெருமையைப் பற்றிப் பொதுவாக நான்கு பத்தி எழுதிக் கொடுத்துவிடலாம். எனக்கு அது அரைமணி நேர வேலை. கடிதக் கட்டிலிருந்து ஏதேனும் ஒரு ‘அப்படியே எழுதிவிட்டீர்க’ளை உருவிக் கீழே போட்டுவிடலாம். எவரும் எதையும் அறியப்போவதில்லை. இந்த முடிவோடுதான் படியேறினேன்.

படியிலேயே சாளரத்தார் எதிர்ப்பட்டார். கையில் நீல உறை. மலருக்குத் தேர்ந்துவிட்டதாகச் சொல்லிப் பூட்டைப் பற்றிய அந்தக் கடிதத்தைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இவங்க யாருன்னு தெரிஞ்சா ஒரு நாள் போய்ப் பார்க்கணும் சார்” என்றார். “பாவம், தனியா இருக்கிற அம்மாவா இருக்கும். வீட்டுல பேச ஆள் இல்லாதவங்கதான் இப்படி எழுதுவாங்க.”

அவர் நல்ல மனிதர். அதனாற்றான் அச்சொல் அவ்வளவு ஆழமாக இறங்கியது. ‘வீட்டில் ஆள் இருக்கிறான், உம் எதிரே நிற்கிறான்’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவள் யாரென்று அவர் அறிந்துவிடுவார். எல்லாம் அவருக்கே கிடைத்தது; அது ஒன்றாவது கிடைக்காமல் போகட்டும் என்று நினைத்தேன்.

என் மேசைக்குப் போய்க் கட்டுரையை எடுத்தேன். பென்சிலால் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எவரும் மறுப்பு எழுதியதில்லை என்று இரண்டு நாள் தும்மியவனுக்கு, இதோ ஒன்று வந்திருக்கிறது. நான் கேட்டு வந்ததன்று. ஒரு சொல்தான். அவருக்கு மூன்று பக்கம் எழுதுகிறவள் எனக்கு ஒரு சொல் எழுதியிருக்கிறாள். ஆயினும் எனக்கு எழுதியிருக்கிறாள்.

நண்பகலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பத்திராதிபரிடம் போனேன். கட்டுரையை ஓரெழுத்தும் மாற்றவில்லை. ‘சில ஆண்டுகளே’ என்பதையும் மாற்றவில்லை. கீழே, தேர்ந்த கடிதம் என்ற தலைப்பின்கீழ் நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தப்புன்னு தெரிஞ்சே அச்சடிக்கச் சொல்றீங்களா? உங்களுக்கு என்ன ஆச்சு?”

தெரிந்தேதான் என்றேன். பெயரில்லாத கடிதத்தை ஏற்கமாட்டேன் என்று குதித்தவர் ஆயிற்றே என்றார். அதுவும் உண்மைதான் என்றேன். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் வரவழைத்தார். குடித்தேன். அதன்பின் கையொப்பமிட்டுத் தாளை அச்சுக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை இதழில், எட்டாம் பக்கத்தின் அடியில், இவ்வாறு வந்தது:

‘முப்பத்தொன்று. — ஒரு வாசகி.

இது பத்தொன்பது ஆண்டுகளில் எனக்கு வந்த சிறந்த கடிதம். இவ்வாசகிக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருக்கும் என்று மேலே எழுதியது பிழை; அவர் திருத்தியதே சரி. அவருடைய கணவர் ஏதுமறியாதவர் என்று எழுதியது மட்டும் பிழையன்று.’

இதழ் வீட்டிற்குள் விழும் ஓசை கேட்டதும் நான் குளியலறைக்குள் போய்விட்டேன். தேவைக்கு மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். வெளியே வந்தபோது அவள் இதழை மடித்து மேசைமேல் வைத்திருந்தாள். கடிகாரம் சுவரில் சற்றுச் சாய்ந்திருந்தது.

வெளியூரில் தனி அறையில் தங்கி வேலைபார்க்கும் எங்கள் மகள் பகலில் தொலைபேசியில் அழைத்தாள். பேப்பரைப் பார்த்தேன் அப்பா என்றாள். அம்மா எழுதுவது தனக்கு முதற்கடிதத்திலிருந்தே தெரியும் என்றும், எழுதியதும் தனக்குத்தான் படித்துக் காட்டுவாள் என்றும் சொன்னாள். ஆக, அந்தப் பட்டியலிலும் எனக்கு முன்னால் ஒருத்தி நின்றாள். நல்லது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

திங்கட்கிழமை சாளரத்தார் என் மேசைக்கு வந்தார். அன்று மேசை விளிம்பில் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அவங்க உங்களுக்கும் எழுதறாங்களா சார்?”

இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள் என்றேன்.

“எனக்கு மூணு வருஷத்துல வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினதில்ல. உங்களுக்கு ஒரே வார்த்தை எழுதியிருக்காங்க, அது கல்யாணத்தைப் பத்தி.” அவர் முகத்தில் எனக்கு நன்கு பழகிய ஒன்று தெரிந்தது. மூன்று ஆண்டுகளாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் நான் கண்டது அது. “நேர்ல பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“எப்படி இருப்பாங்க?”

விடை எளிதாக வரும் என்றே நினைத்தேன். முப்பத்தொரு ஆண்டுகளாக எதிரில் உட்கார்ந்து உண்பவள். ஆயினும் வாயைத் திறந்தபின் நெடுநேரம் ஒன்றும் அகப்படவில்லை. “வலக்கைப் பெருவிரல்ல மை இருக்கும்” என்றேன் கடைசியில். அவர் அதனைப் பெரிய செய்திபோல் வாங்கிக்கொண்டு எழுந்து போனார். அன்று தேநீர் எனக்கு மிகவும் சுவையாக இருந்தது.

அவ்வாரத்துச் சொல் ‘மேசை’. செவ்வாய்க்கிழமை மாலை நான் எழுதியதை அவள் முன் வைத்தேன். அவள் பென்சிலை எடுத்தாள், மட்டக்கோலை எடுக்கவில்லை.

“பிழை மட்டும் பார்க்கணுமா?” என்று கேட்டாள்.

மாடிப்படிக் கட்டுரைக்குப் பிறகு அவள் இதைக் கேட்டதில்லை. இல்லையென்று சொல்வதற்கு எனக்கு ஒரு நொடி ஆயிற்று. அந்நொடியை அவள் கவனித்தாள்.

“மூணு நாளெல்லாம் முடியாது. ஒரு நாள்தான் தருவேன்” என்றாள்.

“எல்லாத்தையும் பாரு” என்றேன்.

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டுவந்து உட்கார்ந்தாள். முதல் வாக்கியத்திலேயே நின்றாள். எனக்குக் காது சுட்டது. அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னாலிருந்த அலமாரியைப் பார்த்தேன். இதுநாள்வரை அவள் தன் அலுவலகத்தில் வைத்திருந்த வெற்று நீல உறைகளின் கட்டு இப்போது வெளிப்படையாக அங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணியபோது அதில் ஏழு உறைகள் இருந்தன. இப்போது ஆறுதான் இருந்தன.

“மேசையைப் பத்தி அவருக்கு என்ன எழுதின?” என்று கேட்டேன்.

“அவர் எழுதினது இன்னும் வரவே இல்லையே” என்றாள், தலை நிமிராமல். “அது போன வாரத்துக்கு. கொஞ்சம் சும்மா இருங்க. படிக்கறேன்ல?”